மூடுவதற்கு முன் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்

கேள்வி: ஐயா, மெக்கானிக்கல் பி.இ. முடித்து நான்கு வருடம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்தேன். இப்போது ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் மெக்கானிக்கல் சூப்பர்வைசர். ஆற்றில் நீரெடுக்கும் கிணறு, நீரேற்று நிலையம், அங்கிருந்து 30 கி.மீ.க்கு மேல் குழாய். குழாய் பதிப்பு பாதி முடிந்துவிட்டது. பம்ப் ஹவுஸில் சிவில் வேலை நடக்கிறது. "உங்க வேலை வரும்போது கூப்பிடறோம், அதுவரை உட்காருங்க" என்கிறார்கள். ஃபிட்டர்களுக்கு என் வயதளவு அனுபவம். நான் ஏதாவது சொன்னால் சிரிக்கிறார்கள். போன வாரம் ஹைட்ரோ டெஸ்ட் (குழாயில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை) நடக்காத ஒரு பகுதிக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துக் கேட்டார் மேனேஜர். போடவில்லை, தினமும் கேட்கிறார். நான் எதைப் பார்க்க வேண்டும்? எப்படி நடந்துகொள்ள வேண்டும்? டயல் கேஜ் (நுண்ணிய நகர்வைக் காட்டும் அளவுமானி) போன்றவற்றை என் காசில் வாங்கலாமா? (பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்)

அன்புள்ள தம்பி,

நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்று படித்ததுமே எனக்கு உங்கள்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு அந்த விஷயத்துக்கு வருகிறேன். 'அதுவரை உட்காருங்கள்' என்றார்களே, அதை முதலில் மாற்ற வேண்டும். உட்காராதீர்கள்.

நான் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களில் மெக்கானிக்கல் பக்கம் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நூற்பாலையில் ஒரு பேரிங் சத்தம் போட்டால் கவரைக் கழற்றிப் பார்த்துவிடலாம். நம் வேலையில் எல்லாமே ஏதோ ஒன்றுக்குள் மறைந்துபோகும். ஃபவுண்டேஷன் போல்ட் கிரவுட்டுக்குள் (அடியில் ஊற்றி இறுகவிடும் சிமெண்ட் கலவை) போய்விடும், குழாய் மண்ணுக்குள், பம்ப் தண்ணீருக்குள். மறைந்த பிறகு அதைப் பார்க்க உடைக்க வேண்டும், தோண்ட வேண்டும், இல்லையென்றால் தூக்க வேண்டும். அதனால் ஒரு சூப்பர்வைசர் நாள் முழுக்க எல்லா இடத்திலும் நிற்க வேண்டியதில்லை. எது எப்போது மூடப்படப் போகிறது என்று தெரிந்து, மூடுவதற்கு முந்தைய அந்த அரைமணி நேரம் தவறாமல் அங்கே இருந்தால் போதும். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

பம்ப் ஹவுஸில் அந்த அரைமணி நேரங்கள் இப்போதே கடந்து போய்க்கொண்டிருக்கின்றன. கிணற்றுச் சுவரில் குழாய் நுழையும் இடத்தில் ஃபிளான்ஜ் (போல்ட் ஓட்டைகள் உள்ள விளிம்புத் தட்டு) வைத்த ஒரு குழாய்த் துண்டைக் கான்கிரீட்டோடு சேர்த்து வார்ப்பார்கள், படில் பைப் என்போம். அதன் உயரத்தை சிவில் ஆட்கள் சரியாக வைத்துவிடுவார்கள். ஃபிளான்ஜின் ஓட்டைகள் எந்தத் திசையில் நிற்கின்றன என்று அவர்கள் பார்ப்பதில்லை. ஓட்டைகள் செங்குத்துக் கோட்டின் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து நிற்க வேண்டும், நேர் உச்சியில் ஓர் ஓட்டை வரக்கூடாது. அந்தத் துண்டு சில டிகிரி திரும்பி வார்க்கப்பட்டுவிட்டால், அதில் மாட்டும் வால்வு ஆயுளுக்கும் சாய்ந்தேதான் நிற்கும். வார்ப்பதற்கு முன் ஒரு ஸ்பிரிட் லெவலை இரண்டு ஓட்டைகளுக்குக் குறுக்கே வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

அதேபோல பம்ப் தளத்தில் போல்ட்டுக்கு விடும் குழிகள். பம்ப் தயாரித்தவர் அனுப்பிய கடைசி டிராயிங்கும் சிவில் மேஸ்திரி கையில் உள்ள டிராயிங்கும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. டெண்டர் நேரத்து டிராயிங்கை வைத்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். பம்ப் ஆர்டர் அதற்குப் பிறகு வேறொரு மாடலுக்குப் போயிருக்கும். நீங்களே ஒரு பிளைவுட் பலகையில் போல்ட் ஓட்டைகளைப் போட்டு டெம்ப்ளேட் செய்து தளத்தில் வைத்துக் காட்டுங்கள். கிரேன் விஷயமும் இப்போதே பார்க்க வேண்டியதுதான். வெர்ட்டிகல் டர்பைன் பம்பில் (மோட்டார் மேலேயும் பம்ப் தண்ணீருக்குள்ளும் இருக்கும் வகை) கீழே தொங்கும் குழாயான காலம் பைப்பை ஒவ்வொரு துண்டாகத் தூக்கி நிறுத்தி இறக்க வேண்டும். மிக நீளமான துண்டும் தூக்கும் கயிறான ஸ்லிங்கும் சேர்ந்து கொக்கிக்குக் கீழே அடங்குகிறதா, ஷட்டர் வழியாக மோட்டார் உள்ளே வருகிறதா என்று டேப் பிடித்து அளந்து, சிவில் இன்ஜினியருக்கு எழுதிக் கொடுங்கள். வாயால் மட்டும் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது.

சரக்கு வந்து சேர்வதையும் சொல்ல வேண்டும். பல ஒப்பந்தங்களில் பம்ப், வால்வு எல்லாம் சைட்டுக்கு வந்து இறங்கினாலே மதிப்பில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அதனால் கட்டடம் எழும்புவதற்கு முன்பே பம்ப் வந்துவிடும். அப்புறம் மாதக்கணக்கில் தார்ப்பாய்க்குள் கிடக்கும். நின்ற இடத்திலேயே நிற்கும் ஷாஃப்ட்டின் எடை பேரிங்கில் ஒரே புள்ளியில் உட்கார்ந்து தடம் பதித்துவிடும். வாரம் ஒருமுறை கையால் சுற்றி, முன்பு நின்றதிலிருந்து வேறொரு நிலையில் விடச் சொல்லுங்கள். யார் சுற்றினார், என்றைக்கு என்று பம்ப் மேலேயே ஓர் அட்டை கட்டிவிடுங்கள். கோயம்புத்தூரிலோ வேறெங்கோ தொழிற்சாலையில் டெஸ்ட் பார்த்து ஒப்புக்கொண்ட பம்பின் சீரியல் எண்ணும், லாரியில் வந்த பம்பின் எண்ணும் ஒன்றா என்பதைப் பாருங்கள். டி.ஐ. (டக்டைல் அயர்ன் என்ற இரும்பு) குழாய்க்கான ரப்பர் வளையங்களை வெயிலில் விடாதீர்கள். எங்காவது நிழலான, இருட்டான அறை தேடுங்கள். ஜாயின்ட் போடும்போது அந்த ரப்பரில் கிரீஸ் தடவ விடாதீர்கள். அந்த ஈ.பி.டி.எம். வகை ரப்பர் கிரீஸில் ஊறி உப்பிக் கெட்டுப்போகும். அதற்கென்று வரும் சோப்புப் பசைதான் போட வேண்டும். கிரீஸ் டப்பா பக்கத்தில் இருப்பதால்தான் அதை எடுக்கிறார்கள். சோப்புப் பசை தீராமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

ஃபிளான்ஜ் பற்றி ஒன்று, இது பலரையும் ஏமாற்றும். 200 மி.மீ. ஃபிளான்ஜில் பி.என். (அழுத்தத் தரம்) 10 என்றால் 8 ஓட்டை, பி.என். 16 என்றால் 12 ஓட்டை, பார்த்தாலே தெரிந்துவிடும். 300 மி.மீ.க்கு வந்தால் இரண்டிலும் 12 ஓட்டைதான். ஆனால் ஓட்டைகள் அமைந்த வட்டம் ஒன்றில் 400 மி.மீ., மற்றதில் 410. எண்ணிப் பார்த்துச் சரி என்று விட்டுவிடுவீர்கள். மாட்டும் நாளில் போல்ட் நுழையாது. உடனே யாராவது கேஸ் கட்டரை எடுத்து ஓட்டையைப் பெரிதாக்குவார்கள். அதை ஒருமுறை அனுமதித்துவிட்டால் அந்த சைட்டில் எல்லாப் பிரச்சினைக்கும் கேஸ் கட்டர்தான் பதில் என்று ஆகிவிடும். வால்வும் குழாயும் இறங்கும் அன்றே அளந்துவிடுங்கள்.

இனி பம்பை உட்கார வைக்கும் வேலைக்கு வருகிறேன். நான் அதிகம் இழந்ததும் கற்றுக்கொண்டதும் இங்கேதான்.

தொண்ணூறுகளில் ஒரு நீரேற்று நிலையத்தில் மூன்று கிடைமட்ட பம்புகள் நிறுவினோம். அலைன்மென்ட் (பம்ப் ஷாஃப்ட்டும் மோட்டார் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்பது) நானே பார்த்தேன். டயல் கேஜ் முள் 0.05 மி.மீ.க்குள் நின்றது, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு உள்ளே. திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறொரு சைட்டுக்குப் போய்விட்டேன். நான் போன பிறகு டெலிவரி குழாயை இணைத்திருக்கிறார்கள். குழாய் ஃபிளான்ஜுக்கும் பம்ப் ஃபிளான்ஜுக்கும் நடுவில் விரல்கடை அளவு இடைவெளி. செயின் பிளாக்கைப் போட்டு இழுத்து, போல்ட்டை முடுக்கி மூடிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அழகான ஜாயின்ட். அந்தக் குழாய் பம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரே வருடத்தில் அந்த ஒரு பம்பில் மட்டும் மூன்று முறை பேரிங் போனது. பேரிங் கம்பெனியைத் திட்டினோம், கிரீஸை மாற்றினோம், மோட்டாரைக் கழற்றி பேலன்சிங் செய்தோம். கடைசியில் ஒரு வயதான ஃபிட்டர், "டெலிவரி போல்ட்டைத் தளர்த்திப் பாருங்க சார்" என்றார். தளர்த்தியதும் டப்பென்று ஒரு சத்தம், குழாய் பக்கவாட்டில் விலகி நின்றது. அந்த ஒரு வருடத்தில் பம்ப் நின்ற நாட்களில் எல்லாம் கீழே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் போகவில்லை. அதை என்னால் இன்றுவரை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால் சொல்கிறேன். அலைன்மென்ட் எடுத்தால் மட்டும் போதாது. குழாய் ஃபிளான்ஜை முடுக்கும்போது டயல் கேஜை, இரண்டு ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கில் அப்படியே விட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே முடுக்கச் சொல்லுங்கள். முள் நகர்ந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். குழாயை வெட்டித் திருத்த வேண்டும், அல்லது தாங்கியை மாற்ற வேண்டும். இணைத்து முடித்ததும் இன்னொருமுறை அலைன்மென்ட் பாருங்கள். போல்ட்டை எதிரெதிராக, குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில் முடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், நூற்பாலையிலும் அதேதான். கிரவுட் ஊற்றும்போது பம்ப் உட்காரும் பெட் பிளேட்டுக்கு அடியில் காற்று நின்றுவிடக் கூடாது. ஒரே பக்கத்திலிருந்து ஊற்றி மறுபக்கம் வழியவிடுங்கள். காய்ந்த பிறகு சுத்தியலால் மேலே தட்டிக்கொண்டே போனால் பொள்ளலான இடம் சத்தத்திலேயே தெரியும்.

உங்கள் திட்டத்தில் கிணற்றின் மேல் வெர்ட்டிகல் டர்பைன் பம்ப் வருவதாக எடுத்துக்கொள்கிறேன். அதை இறக்குவதற்கு முன் கிணற்றின் அடியைச் சுத்தம் செய்து பார்த்துவிட வேண்டும். சென்ட்ரிங் பலகை, சிமெண்ட் பை, கட்டுக்கம்பி எல்லாம் அடியில் கிடக்கும். ஒரு சிமெண்ட் பை போதும் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை அடைக்க. அடுத்தது, மோட்டாரைப் பம்போடு இணைப்பதற்கு முன் அது சுற்றும் திசையைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் லைன் ஷாஃப்ட்டுகளைத் திருகு கப்ளிங்கால் இணைத்திருந்தால், தலைகீழாகச் சுற்றும்போது அவை கழன்றுவிடும். மின்சாரப் பிரிவினர் கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டினால், அது ஒரே ஒரு கேபிளாக இருந்தாலும், திரும்பவும் கப்ளிங்கைப் பிரித்துத் திசை பார்க்க வேண்டும். "நேத்துதானே பார்த்தோம்" என்பார்கள். நேற்றுப் பார்த்தது நேற்றைய இணைப்பை.

சரி, ஹைட்ரோ டெஸ்ட். உங்கள் கையெழுத்துப் பிரச்சினையும் இங்கேதான் இருக்கிறது.

குழாயின் முனையை மூடி அழுத்தம் ஏற்றும்போது அந்த மூடி எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது என்று பலர் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இல்லை. 300 மி.மீ. குழாயில் ஒரு சதுர செ.மீ.க்கு 10 கிலோ அழுத்தம் ஏற்றினால் முனை மூடியின் மேல் ஏறத்தாழ 7 டன். 600 மி.மீ. குழாயில் 15 கிலோ ஏற்றினால் 42 டன்னுக்கு மேல், ஏற்றிய லாரி ஒன்றின் எடை. டி.ஐ. குழாயின் ரப்பர் ஜாயின்ட் இழுவையைத் தாங்காது. அந்த 42 டன்னையும் பின்னால் உள்ள முட்டுதான் தாங்க வேண்டும். வளைவுகளிலும் இதே கதை; அங்கே குழாயைத் தாங்கும் த்ரஸ்ட் பிளாக் கான்கிரீட் முழுதாக இறுகியிருக்க வேண்டும்.

நான் பொறுப்பில் இருந்த ஒரு வேலையில், முனையில் கான்கிரீட் முட்டுக்குப் பதிலாக மண்ணில் மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். முந்தைய நாள் மழை. மண் இளகியிருந்தது. நான் பார்த்தேன், பார்த்தும் "ஏற்றுங்கள்" என்றேன். முனை பிடுங்கிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற ஹெல்பருக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அவர் பிறகு எங்கள் வேலைக்குத் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு, அழுத்தம் ஏறும் நேரத்தில் முனைக்கு நேரே ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது என்பதில் நான் யாருக்காகவும் இறங்கி வந்ததில்லை.

குழாயில் தண்ணீரை மெதுவாக நிரப்புங்கள், காற்று முழுவதும் மேட்டுப் புள்ளிகள் வழியாக வெளியேறட்டும். காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் கேஜ் காட்டுவதை நம்ப முடியாது. உடைந்தால் சிதறலும் பயங்கரமாக இருக்கும். எந்தக் காரணத்துக்காகவும், தண்ணீர் பஞ்சம் என்றாலும், கம்ப்ரஸர் காற்றை வைத்து அழுத்தம் ஏற்ற விடாதீர்கள். உள்ளே சிமெண்ட் பூச்சு உள்ள குழாய் தண்ணீரைக் குடிக்கும். நிரப்பி ஒரு நாள் ஊறவிட்டுப் பிறகு டெஸ்ட் எடுங்கள், இல்லாவிட்டால் இல்லாத கசிவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஜாயின்ட்டுகளைத் திறந்து வைத்து, குழாயின் நடுப்பகுதியில் மட்டும் மண் போட்டு டெஸ்ட் பண்ணுவதுதான் முறை. சாலையோரத்தில் எல்லாவற்றையும் திறந்து வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அப்படி மூட வேண்டி வந்தால் டெஸ்ட் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 500 மீட்டரில் ஒரு கசிவைத் தேடுவதும் 3 கிலோமீட்டரில் தேடுவதும் ஒன்றல்ல.

உங்கள் மேனேஜர் கையெழுத்துக் கேட்பது ஏன் என்று யோசித்தீர்களா? பில் போட வேண்டும். டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் அந்தப் பகுதிக்குப் பணம் வராது. மாதக் கடைசி, தலைமை அலுவலகத்திலிருந்து போன். அவரும் நெருக்கடியில் இருக்கிறார். அதனால் சண்டையாக ஆரம்பிக்காதீர்கள். "சார், வியாழக்கிழமை காலை பம்பும் டேங்கரும் கொடுங்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட் உங்கள் மேஜையில் இருக்கும்" என்று தேதியோடு சொல்லுங்கள். அன்று மாலையே அதை ஒரு மின்னஞ்சலாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோ மரியாதையான நான்கு வரியில் அனுப்பிவிடுங்கள். அதில் குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். எந்தப் பகுதி, எத்தனை மீட்டர், டெஸ்ட்டுக்கு என்ன தேவை என்பது மட்டும் போதும். பெரும்பாலான மேனேஜர்கள் எழுத்தில் ஒன்று வந்ததும் வழிக்கு வந்துவிடுவார்கள். தார் போட்டு முடித்த சாலையை ஆறு மாதம் கழித்துத் தோண்டினால் என்ன செலவாகும் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

அதற்கும் அவர் மசியவில்லை என்றால், போடாதீர்கள். வேலை போகும் என்றாலும் போடாதீர்கள். இதைச் சொல்வது எனக்கு எளிது, வீட்டில் சம்பளத்தை எதிர்பார்ப்பவர்கள் உங்களுக்கு இருப்பார்கள் என்று தெரியும். ஆனாலும் 26, 27 வயதில் ஒரு பொய் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவரிடம் அடுத்த பொய் ரிப்போர்ட் தானாக வந்து சேரும். அதை நான் நிறைய நல்ல பையன்களிடம் பார்த்திருக்கிறேன். ஒருநாள் அந்தப் பகுதியில் முனை பிடுங்கி யாராவது அடிபட்டால் விசாரணையில் முதலில் எடுக்கப்படும் காகிதம் அதுதான். நீங்கள் எழுதும் ரிப்போர்ட்டில் கேஜ் எண், அதன் காலிபரேஷன் (அளவுச் சரிபார்ப்பு) தேதி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், இரண்டு நேரத்திலும் இருந்த அழுத்தம், அருகில் இருந்தவர்கள் பெயர் எல்லாம் இருக்கட்டும். பொய்யாக நிரப்புவது சிரமமான ரிப்போர்ட்தான் நல்ல ரிப்போர்ட்.

குழாய் வழியில் இன்னொன்று. காற்றை வெளியேற்றவும் உள்ளிழுக்கவும் குழாயில் வைக்கும் ஏர் வால்வுகளை ஒருநாள் நடந்தே போய்ப் பாருங்கள். 30 கி.மீ. என்றால் இரண்டு மூன்று நாள் ஆகும், பரவாயில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சிறிய ஐசோலேஷன் வால்வு இருக்கும். டெஸ்ட்டின்போது அதை மூடியவர்கள் திறக்க மறந்திருப்பார்கள். மூடியே கிடக்கும் ஏர் வால்வு இருந்தும் இல்லாததுதான். நம் ஊரில் மின்சாரம் சட்டென்று போகும். அத்தனை பம்பும் ஒரே நொடியில் நிற்கும். குழாய்க்குள் ஓடும் தண்ணீரின் வேகம் நொடிக்கு 1 மீட்டர் அளவு திடீரென்று மாறினாலே இரும்புக் குழாயில் சுமார் 100 மீட்டர் உயர அழுத்தம் கூடும், அல்லது குறையும். முதலில் அழுத்தம் சரிந்து வெற்றிடம் உண்டாகி, பிறகு தண்ணீர் திரும்பி வந்து அடிக்கும். அந்த நேரத்தில் ஏர் வால்வும், தண்ணீரைத் திரும்ப விடாத என்.ஆர்.வி. வால்வும், அதிர்ச்சியைத் தாங்கும் காற்றுத் தொட்டியான ஏர் வெசலும்தான் குழாயைக் காப்பாற்றுகின்றன. டிரையல் ரன்னில், ஒரு பம்ப், இரண்டு பம்ப் என்று படிப்படியாக, வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தி அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று வடிவமைப்பாளரையும் வைத்துக்கொண்டு பாருங்கள். எல்லோரும் பம்ப் ஓடுவதைப் பார்க்கத்தான் கூடுவார்கள். அது நிற்பதைப் பார்ப்பது நம் வேலை.

ஃபிட்டர்கள் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களில் மூத்தவரிடம் ஒரு டீ நேரத்தில் போய், "அண்ணே, போன சைட்டில் என்ன கெட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வாய் திறக்காத ஃபிட்டரை நான் பார்த்ததில்லை. அவர் சொல்வதில் பாதி உங்கள் சைட்டிலும் நடக்கப் போகிறது. அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு, அது வரும் நாளில் "நீங்க சொன்னீங்களே அண்ணே" என்று அவரையே முன்னால் நிறுத்துங்கள். டயல் கேஜின் முள்ளை அவர் படிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள். அளவு தப்பாக வந்தால் ஹெல்பர்கள் முன்னால் அவரைத் திருத்தாதீர்கள். "இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போமா" என்றால் போதும், அவருக்கே புரியும். எனக்கு அந்த டெலிவரி போல்ட்டைக் காட்டிக்கொடுத்தவர் பத்தாவதுகூடப் படிக்காத மனிதர். உங்கள் சைட்டில் வட மாநிலத் தொழிலாளர்களும் இருப்பார்கள். நில், இறக்கு, மேலே, கேஸ், ஆபத்து என்ற ஐந்தாறு வார்த்தைகளையாவது இந்தியில் கற்றுக்கொள்ளுங்கள். கிரேன் கொக்கிக்குக் கீழே நிற்பவரிடம் மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கிரேன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இரண்டு கால் ஸ்லிங்கை அகலமாக விரித்து, கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி கோணத்தில் கட்டித் தூக்கினால், 2 டன் மோட்டாருக்கு ஒவ்வொரு காலிலும் ஒரு டன் வராது. ஒவ்வொன்றிலும் 2 டன் வரும். கோணம் 60 டிகிரிக்குக் குறையாமல் கட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றை இப்போது சொல்கிறேன். மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கிணறு, வால்வு சேம்பர், சம்ப், பெரிய குழாயின் உட்புறம், இவை எல்லாம் ஆளைக் கொல்லும் இடங்கள். கழிவுநீர் என்றால் எல்லோரும் பயப்படுவார்கள், குடிநீர்க் கிணறுதானே என்று இறங்கிவிடுவார்கள். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த சேம்பரில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதில் நாற்றம் இருக்காது, எச்சரிக்கை இருக்காது, இறங்கியவர் அப்படியே சாய்வார். தண்ணீர் இறைக்க டீசல் பம்ப்பைக் கிணற்றுக்குள் இறக்கி வைப்பார்கள்; அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு கிணற்றுக்குள்ளேயே தேங்கும். பெட்ரோலோ டீசலோ, எந்த எஞ்சினும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது, மின்சார சப்மெர்சிபிள் பம்ப் மட்டும்தான். ஆள் இறங்கும் முன் அதையும் நிறுத்தி, ஸ்விட்சைப் பூட்டிவிட வேண்டும். பின்னாளில் கழிவுநீர் வேலைக்குப் போனால், ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடை நின்றுவிடும். வாடை போய்விட்டது என்று இறங்குபவர்கள் அப்படித்தான் இறந்துபோகிறார்கள்.

நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். கேஸ் மீட்டரில் 19.5-க்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக் கூடாது. மேலே, நடுவில், அடியில் என்று மூன்று ஆழத்திலும் கயிறு கட்டி மீட்டரை இறக்கிப் பாருங்கள். இறங்குபவர் உடம்பில் ஹார்னஸ், மேலே டிரைபாட், பிடித்துக்கொண்டு ஒருவர். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் மேலே இருப்பவர் தாவி இறங்குவதுதான் மனித இயல்பு, ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று இறந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். "யார் விழுந்தாலும் இறங்கக் கூடாது, கயிற்றால் மட்டும் தூக்கு" என்பதை வேலை தொடங்கும் முன் தினமும் சொல்லுங்கள். தினமும்.

புத்தகம் ஏதாவது படிக்க நினைத்தால், மத்திய அரசின் பொது சுகாதாரப் பொறியியல் அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ. வெளியிட்ட குடிநீர் வழங்கல் கையேட்டில் பம்ப் நிறுவுதல், குழாய் பதித்தல் பகுதிகளைப் படியுங்கள். 1999-ல் வந்த பதிப்பைத்தான் எங்கள் தலைமுறை கையில் வைத்திருந்தது, 2024-ல் புதுப்பித்திருக்கிறார்கள். டி.ஐ. குழாய் பதிப்பதற்கு ஐ.எஸ். 12288 என்ற இந்தியத் தரநிலை. இவற்றோடு உங்கள் ஒப்பந்தத்தின் தொழில்நுட்பப் பகுதியை வரி விடாமல் படித்துவிடுங்கள். சைட்டில் அதைப் படித்தவர் நீங்கள் ஒருவராக மட்டும் இருக்கலாம்.

நல்ல சூப்பர்வைசருக்கு, தன் குழாயின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். 2013-ல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுபோனது. அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதைக் குடித்துப் பல் கறை படிந்தவர்களும் எலும்பு பாதித்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் பம்ப் இரண்டு நாள் நின்றால் மக்கள் பழைய போர்வெல்லுக்குத்தான் திரும்பிப் போவார்கள். ஒரு விடுமுறை நாளில் உங்கள் குழாய் போய் முடியும் கடைசி ஊருக்கு பைக்கில் போய், இப்போது அவர்கள் எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, கருவிகள். டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும், இடுக்கு அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ், நல்ல ஸ்பிரிட் லெவல், டார்ச், கைக்கு அடக்கமான கெட்டி அட்டை நோட்டு. இவற்றை உங்கள் காசில் தாராளமாக வாங்குங்கள், எந்த சைட்டுக்குப் போனாலும் உங்களோடு வரும். கேஸ் மீட்டரை மட்டும் உங்கள் காசில் வாங்காதீர்கள். அதை நிறுவனம்தான் வாங்க வேண்டும், முறையாக காலிபரேஷன் செய்து வைத்திருக்க வேண்டும், சைட்டில் எல்லோர் கைக்கும் கிடைக்க வேண்டும். நாளைக்கே எழுத்தில் கேளுங்கள். அது வரும்வரை அந்தக் கிணற்றில் ஒருவரையும் இறக்காதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள்.